நத்தை ஓடு கீறிய கால்

தஞ்சாவூர்
ஐப்பசி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சின்னவளுக்கு மன்னார்குடியிலேயே வேலை கிடைத்தது, தாளடி நடவு பாதியில் மழையால் நின்றுபோனது எல்லாம் படித்தேன். நான்காம் பக்கத்தில், ஓரமாக, இடம் போதாமல் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தாய்: 'சேத்துல நத்தை ஓடு காலைக் கீறிடுச்சு, மஞ்சள் பத்துப் போட்டிருக்கேன், வேற ஒண்ணுமில்ல.'

கடிதத்தை மடிக்கக்கூட இல்லை, உடனே உனக்குப் போன் போட்டேன். காய்ச்சல் இல்லை, புண் காய்ந்துவருகிறது என்றாய். மனது கொஞ்சம் ஆறியது. அப்புறம் நீ சிரித்துக்கொண்டே, 'இதுக்குப் போயி ஏன்டா இப்படிப் பதறுறே?' என்று கேட்டாய். எனக்குப் போனில் பதில் வரவில்லை. 'அந்த லேப்ல அப்படி என்னதான்டா பண்றே?' என்று வருடக்கணக்காக நீ கேட்டுவருவதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், மாப்ளே. அதை எழுதத்தான் இன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அடைமழை. கரண்ட் இருக்கிறது.

எங்கப்பாவின் கடைசி மூன்று மாதத்தை என்னைவிட நீதான் அதிகம் பார்த்தாய். நான் மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்தேன். அதுவும் ஐப்பசிதான், தாளடி நடவுதான். நடவு முடிந்து பத்து நாளில் காய்ச்சல். டைபாய்டு என்றார்கள், ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. இருமல் சேர்ந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை, ஆனாலும் டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். மார்கழியில் நீதான் உன் டிவிஎஸ் 50-இல் அவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆளைப் பிடிக்கச் சொல்லி, ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாய். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னதாகக் கட்டிகள் என்று வந்தது. பொங்கலுக்கு ஆறு நாள் முன்பு போய்விட்டார். அந்த வருடம் உங்கள் வீட்டிலும் பொங்கல் வைக்கவில்லை. அதை நான் மறக்கவே இல்லை.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. எட்டு வருடமாக. நினைத்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வயல் சேற்றைப் போன்ற ஈர மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. பர்கோல்டெரியா சூடோமாலியை என்று பெயர். அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ். அந்த 'மெலி' கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நம் மெலிதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் இடுப்புதான் ஞாபகம் வரும்.

இதை முதலில் கண்டுபிடித்தது 1911-இல், ரங்கூனில். மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டு தெருவில் கிடந்த ஏழைகள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எல்லாவற்றிலும் கட்டிகள். ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு வேலை செய்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, குதிரைகளுக்கு வரும் ஒரு நோயின் கிருமி மாதிரி இருந்தாலும் இது வேறு என்று காட்டி, 1912-இல் எழுதினார்கள். உலகம் அதை விட்மோர் நோய் என்றே சொல்லிவந்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அந்தக் கட்டுரையோடு நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாடம் எடுக்கும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வேன், பிள்ளைகளை எழுதிக்கொள்ளவும் சொல்வேன்.

இந்தக் கிருமிக்குப் பொறுமை அதிகம். தாய்லாந்தில் வெறும் வாலைவடிநீரில் போட்டு வைத்தார்கள், உணவு எதுவும் இல்லாமல் 16 வருடம் உயிரோடு இருந்தது. வெயில் காலத்தில் மண்ணுக்கு அடியில் ஈரத்தில் கிடக்கும். மழை பெய்து நீர்மட்டம் ஏறும்போது அதுவும் மேலே வருகிறது என்பார்கள். காலில் இருக்கும் கீறல் வழியாக உள்ளே போகும். புயல் மழையில் மூச்சு வழியாகவும் போகும். கலங்கிய தண்ணீரைக் குடித்தாலும் போகும். போனபின் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாகக் காட்டும். அபூர்வமாகச் சிலருக்கு வருடக்கணக்கில் உள்ளேயே உறங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து வெளிப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே நடவை நிறுத்திவிடாதே. வடகிழக்குத் தாய்லாந்தின் நெல் வயல் கிராமங்களில் நான்கு வயதுக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் ரத்தத்தில் இந்தக் கிருமியைப் பார்த்த அடையாளம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் விழவில்லை. சேற்றில் பிறந்து வளர்ந்த உடம்பு இதைத் தினமும் பார்க்கிறது, சமாளிக்கிறது. அப்படியானால் எங்கப்பாவின் உடம்பு ஏன் சமாளிக்கவில்லை? மாப்ளே, நான் லேபில் செய்கிற வேலை மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

சின்ன வயதில் கருவேல முள் குத்தி, பிடுங்காமல் விட்டால் இரண்டாம் நாள் சீழ் வைக்குமே, அத்தை ஊசியைச் சுட்டுக் கீறிவிடுவார்களே. அந்தச் சீழ் என்ன தெரியுமா? முள்ளைத் தேடி ஓடிவந்து அங்கேயே செத்த வெள்ளணுக்கள். 1882-இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்யர் இத்தாலியில் மெசினா கடற்கரையில் இருந்தபோது, கண்ணாடி மாதிரி உடம்பு தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. உடம்புக்குள்ளேயே கிருமியை விழுங்கும் அணுக்கள் உண்டு என்று அவர் சொன்னது அப்படித்தான் தொடங்கியது. 1908-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. ஒரு முள், ஒரு ராத்திரி, பொறுமையாகப் பார்க்கும் ஒரு மனுஷன். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த விழுங்கும் அணுக்களில் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில். பின்னால் வருவது மேக்ரோஃபேஜ். அது பெரியது, நின்று வேலை செய்வது. கிருமியை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலத்தை ஊற்றிக் கரைப்பதுதான் வழக்கம். நம் சேற்றுக் கிருமி விழுங்கப்படுவதற்குப் பயப்படுவதில்லை. உள்ளே போனதும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, செல்லுக்குள்ளேயே பெருகும். அந்தச் செல்லின் சொந்த இழைகளையே வால் மாதிரி பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த செல்லைத் தள்ளி, இரண்டு செல்லையும் ஒன்றாக ஒட்டவைத்து உள்வழியாகவே போய்விடும். வரப்பின் மேலே தலைகாட்டாமல் எலி உள்ளேயே வளை தோண்டி அடுத்த வயலுக்குப் போகிறதே, அந்த மாதிரி. வெளியே ரத்தத்தில் காவல் நிற்கும் எதிர்ப்பொருள்களுக்கு அது கண்ணில் படவே படாது.

அப்போது உதவிக்கு வருவது இன்டர்ஃபெரான் காமா என்ற ஒரு சமிக்ஞைப் பொருள். வேறு வகை வெள்ளணுக்கள் அதைச் சுரக்கும். அது போய்ச் சேர்ந்தால் மேக்ரோஃபேஜுக்கு பலம் வந்து, உள்ளே இருப்பதைக் கொல்லும். லேப் எலிகளில் இந்தப் பொருளைத் தடுத்துவிட்டால் மிகக் கொஞ்சம் கிருமியே அவற்றைக் கொன்றுவிடுகிறது.

இங்கேதான் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் புதிர். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது எச்ஐவி உள்ளவர்கள். டிபி அவர்களை எப்படித் தாக்கும் என்று உனக்கே தெரியும். ஆனால் மெலியாய்டோசிஸ் அவர்களைத் தனியாகத் தேடிப் போவதாகத் தெரியவில்லை. தேடிப் போவது சர்க்கரை உள்ளவர்களை. நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். நியூட்ரோஃபில்தான் இதில் பெரிய சாட்சி என்று நான் நம்புகிறேன். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் அது மெதுவாக நகர்கிறது, குறைவாக விழுங்குகிறது. மடை உடைந்த செய்தி ஊருக்கு வந்தும் ஆட்கள் மண்வெட்டி எடுக்கத் தாமதிப்பது மாதிரி. அந்தத் தாமதம் போதும், எலி வளைக்குள் போய்விடும்.

என் அன்றாட வேலை இதுதான். சர்க்கரை இருப்பவர், இல்லாதவர், இருந்தும் நன்றாகக் கட்டுப்படுத்தி வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலிருந்து நியூட்ரோஃபிலைப் பிரிப்போம். சூட்டில் கொன்ற கிருமியை அதோடு சேர்த்து, எத்தனை விழுங்கியது, என்னென்ன சுரந்தது என்று பார்ப்போம். உயிருள்ள கிருமியை வைத்து இதைச் செய்ய மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், எங்களிடம் கிடையாது. நியூட்ரோஃபில் உடம்புக்கு வெளியே வந்தால் சில மணி நேரம்தான். காலையில் எடுத்த ரத்தத்தைச் சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். உன் பெரியவள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து வந்தேனே, அன்றைக்கும் இதுதான். நீ கோபித்துக்கொண்டாய். இப்போதாவது மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு குறைவது மட்டும் ஆபத்து இல்லை. கிருமி ரத்தத்தில் பரவிவிட்டால் உடம்பே பதறிப்போய் எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும்; ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும். பலர் இறப்பது அதில்தான். 2011-இல் தாய்லாந்திலிருந்து ஒரு விசித்திரமான செய்தி வந்தது. கிளிபென்கிளமைடு என்ற பழைய சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுவந்தவர்கள் இந்த நோயில் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த மாத்திரை அணுக்களின் பதற்றத்தைத் தணிக்கிறது போலும். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அதற்காக மாத்திரையை மாற்றாதே, உன் டாக்டர் கொடுப்பதையே ஒழுங்காகப் போடு.

இப்போது ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குக்கூட இதுவரை சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் அப்பாவின் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது, பட்டாவுக்கும் கடன் சீட்டுகளுக்கும் நடுவே ஒரு லேப் ரிப்போர்ட் கிடைத்தது. கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த சீழின் கல்ச்சர், அதாவது அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்த சோதனை. 'சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மருந்துப் பட்டியல், ஜென்டாமைசினுக்கு அடங்கவில்லை. நான் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கிருமிக்கு அந்தக் காலத்தில் சூடோமோனாஸ் சூடோமாலியை என்றுதான் பெயர். ஜென்டாமைசினுக்குப் பெரும்பாலும் அடங்காது. அந்தத் தட்டில் வளர்ந்தது இன்று இல்லை, நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. ஆனால் சேற்றில் நின்ற சர்க்கரைக்காரர், டிபி மருந்துக்கு அசையாத நெஞ்சு, மண்ணீரலில் கட்டி. மண்ணிலிருந்து வந்தது மண்ணீரலில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று என் மனது முடிவுகட்டிவிட்டது. அந்த லேப்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும்தான் அன்று யாரும் சொல்லித்தரவில்லை.

சரியான மருந்து அப்போதே இருந்தது, மாப்ளே. அதுதான் தாங்க முடியாதது. செஃப்டாசிடிம் ஊசி கொடுத்தால் சாவு பாதியாகக் குறைகிறது, 74 சதவீதத்திலிருந்து 37 ஆகிறது என்று 1989-இலேயே தாய்லாந்தில் காட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் டார்வின் பகுதியில் 1989 முதல் ஒவ்வொரு நோயாளியையும் கணக்கு வைக்கிறார்கள். முதல் ஐந்து வருடத்தில் 31 சதவீதம் பேர் இறந்தார்கள், முப்பது வருடம் கழித்து அது 6 சதவீதம். சீக்கிரம் கண்டுபிடித்ததும் தீவிர சிகிச்சை கிடைத்ததும்தான் காரணம். உலகம் முழுக்க வருடத்துக்கு 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016-இல் கணித்தார்கள். அதில் 44 சதவீதம் தெற்காசியா. அவர்களில் பெரும்பாலோர் சீட்டில் வேறு ஏதோ நோயின் பெயர் எழுதியிருக்கும்.

அதனால்தான் மாதம் ஒரு சனிக்கிழமை நான் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று சின்ன லேப்களுக்குப் போகிறேன். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். எல்லா லேபிலும் இருக்கும் மூன்று டிஸ்க் போதும், கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறது என்று பார்க்கத் தட்டில் வைக்கும், மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டங்கள். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல், ஆக்மென்டினுக்கு மட்டும் அடங்கினால் உடனே சந்தேகப்படு, தட்டை மோந்து பார்க்காதே, எங்களுக்கு அனுப்பு. இவ்வளவுதான் பாடம். போன கார்த்திகையில் ஒரு பெண் போன் செய்தாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'சார், மூணாம் நாளு தட்டுல கிருமிக் காலனி காய்ஞ்சு சுருங்கிப் போயிருக்கு, நீங்க காட்டின போட்டோ மாதிரியே.' அதேதான். ஆள் விவசாயி, நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை, டிபி மாத்திரை தொடங்கி எட்டு நாள். மருந்தை மாற்றினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி, அப்புறம் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. மாசியில் என்னைப் பார்க்க வந்தார், ஒரு தார் பூவன் பழத்தோடு. அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இனி உன் கால். நெல் வயலில் பூட்ஸும் கையுறையும் போடச் சொல்வார்கள். முழங்கால் சேற்றில் பூட்ஸ் போட்டு நாற்று நட முடியாது என்று எனக்குத் தெரியும், நானும் நட்டவன். முடிந்ததைச் செய். புண் முழுக்க ஆறும்வரை சேற்றில் இறங்காதே. நடவை வரப்பில் நின்று பார், அதுவும் செருப்போடு. மஞ்சளை விட்டுவிட்டு, நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டு. நடவுக்கு வரும் பொம்பளைகளில் சர்க்கரை உள்ளவர்கள் யார் என்று தங்கச்சிக்குத் தெரியும். காலில் புண் இருந்தால் அன்றைக்கு நாற்றுமுடி கட்டும் வேலையோ மேட்டு வேலையோ கொடு, கூலியைக் குறைக்காதே. குறைத்தால் யாரும் புண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, சோதனைக்கு வயல் மண் எடுக்க வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதற்கு நீ எழுதிய பதில். 'இங்க வந்து தோண்டி, கிருமி இருக்குன்னு சொல்லி ஊர்ப் பேரைக் கெடுத்துடாதடா' என்று எழுதியிருக்கிறாய். நியாயமான பயம். எந்த ஊர், யார் வயல் என்று வெளியே சொல்ல மாட்டேன். நெல்லுக்கும் அரிசிக்கும் இதில் ஒரு கெடுதலும் இல்லை. கொதிக்கும் சோற்றில் இது உயிரோடு இருக்காது. ஆனால் இங்கே இருக்கிறது என்று நாம் காட்டாதவரை, காய்ச்சலோடு போகும் நம் ஆட்களிடம் 'வயலில் இறங்கினீர்களா, சர்க்கரை இருக்கிறதா' என்று எந்த டாக்டருக்கும் கேட்கத் தோன்றாது. ஓர் அடி ஆழத்தில், நூறு இடத்தில், இடத்துக்கு ஒரு கைப்பிடி மண். ஒரு குழியில் இருக்கும், இரண்டு எட்டுத் தள்ளி இருக்காது, அதனால்தான் அத்தனை இடம். எங்கப்பா கடைசியாக நட்ட அந்தக் கீழண்டைப் பங்கு இப்போது உன்னிடம்தானே இருக்கிறது. அங்கே தோண்ட உன்னிடம் அனுமதி கேட்கிறேன். அறுவடை முடிந்ததும் வருகிறேன். மண்வெட்டி உன்னுடையது போதும். நீ வரப்பிலேயே இரு, நான் தோண்டிக்கொள்கிறேன்.

அத்தை கண்ணுக்கு மருந்து விடுவதை ஒரு வேளைகூட விட வேண்டாம் என்று சொல். சின்னவளுக்கு என் வாழ்த்து. பாமணியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறதா, வடுவூர் ஏரி நிரம்பிவிட்டதா என்று எழுது.

புண் ஆறிவிட்டால் எழுது, போதும். காய்ச்சல் வந்தால் எழுதிக்கொண்டிருக்காதே. அங்கே ஊசி போட்டுக்கொள்ளவும் போகாதே. முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வா, ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னாலேயே பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஒரு தடவை எடுத்ததில் ஒன்றும் வராவிட்டாலும் விட மாட்டேன், கல்ச்சரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் சிக்கும், திரும்பத் திரும்ப எடுப்பேன். ராத்திரி எத்தனை மணியானாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை